20 நிமிட ஆம்பியன்ட் துண்டு: லூப் சலிக்கிறது, ரிவெர்ப் குழம்புகிறது. எங்கே கை வைப்பது?

நீள்சுருதி:

வணக்கம். ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸும் ஃபரோவா சாண்டர்ஸும் செய்த ‘பிராமிசஸ்’ (2021), நாலா சினெஃப்ரோவின் ‘எண்ட்லெஸ்னெஸ்’ (2024), ஆன்ட்ரே 3000 குழலை எடுத்துக்கொண்டு வந்த ‘நியூ ப்ளூ சன்’ (2023), அரூஜ் அஃப்தாப், விஜய் ஐயர், ஷாஸாத் இஸ்மைலி மூவரின் ‘லவ் இன் எக்ஸைல்’ (2023). இந்த ஆம்பியன்ட் வகையில் (ஒலியின் சூழலை நம்பி மெதுவாக நகரும் இசை) ஒரு 20 நிமிடத் துண்டு செய்கிறேன். ஜாஸ் என்றும் சொல்ல முடியாது, கச்சேரி என்றும் சொல்ல முடியாது, அந்த இடைவெளிதான் குறி.

கையில் இருப்பவை: மின்தம்புரா, 1 கட்டையில் ஆண் குரல் ஆலாபனை, புல்லாங்குழல், ஒரு சின்த் பேட் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் கார்டுகள்). ஒலிப்பதிவு மென்பொருள் ரீப்பர். சிக்கல்கள் நான்கு.

16, 20, 24 வினாடியில் மூன்று லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துணுக்கு). நாலைந்து நிமிடத்திலேயே ‘இதைக் கேட்டாச்சே’ என்று காது சொல்லிவிடுகிறது.

எல்லா டிராக்கிலும் 12 வினாடி ரிவெர்ப் (எதிரொலி வால்) போட்டிருக்கிறேன். பாதி தூரம் போனதும் எல்லாம் ஒரே குழம்பு.

குரல் அந்தர காந்தாரத்தில் (‘க’ சுரத்தின் உயர்ந்த வகை) நிற்கும்போது பேடோடு சேர்ந்து ஒரு நடுக்கம் கேட்கிறது. பாடியவர் சுருதி விலகவில்லை. தம்புராவோடு மட்டும் கேட்டால் சுத்தமாக இருக்கிறது.

நாலு டிராக்காக வெட்டி வெளியிட வேண்டும். வெட்டிய இடத்தில் சின்ன இடைவெளி விழுகிறது. ஒலி அளவையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

---

டேப்தலை:

முதல் கேள்விக்கு விடை பள்ளிக்கூடக் கணக்கில் இருக்கிறது நண்பரே. 16, 20, 24 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 240. நாலு நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று லூப்பும் ஒரே புள்ளியில் மறுபடி தொடங்குகின்றன. உங்கள் 20 நிமிடம் என்பது அதே நாலு நிமிடம் ஐந்து தடவை. 17, 23, 29 என்று பகா எண்களாக வைத்துப் பாருங்கள்: 17×23×29 = 11,339 வினாடி. 3 மணி 9 நிமிடத்துக்கு ஒரு வினாடிதான் குறைவு. அதுவரை அந்த மூன்றும் ஒரே அமைப்பில் சந்திக்கவே சந்திக்காது.

ஆம்பியன்ட் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978-ல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தொகுப்பின் ‘2/1’ துண்டில் செய்தது இதே வேலைதான். பாடகிகளின் குரலில் ஒரே ஒரு நீண்ட சுரம், அது ஒரு டேப் லூப். ஒன்று 23½ வினாடி, அடுத்தது ஏறக்குறைய 25⅞, மூன்றாவது 29¹⁵⁄₁₆ என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். லூப் நீளமாக இருந்ததால் டேப்பை ஸ்டுடியோ நாற்காலிகளின் கால்களைச் சுற்றி ஓட விட்டார்கள். வினாடிக்கு 7½ அங்குல வேகத்தில்கூட 23½ வினாடிக்கு நாலரை மீட்டர் டேப் வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. லூப்புக்குள் ஒரு முழு சங்கதி இருந்தால், அது எப்போது வந்தாலும் காது அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு லூப்புக்கு ஒரு சுரம், மிஞ்சினால் இரண்டு. 17 வினாடி லூப்பில் 5 வினாடி ஒலி, மீதி 12 வினாடி மௌனம். அந்த மௌனத்துக்குள்தான் மற்ற லூப்புகள் வந்து விழுந்து புதுப் புது சேர்க்கைகளை உண்டாக்கும். மௌனமே இல்லாத லூப்புகளை எத்தனை பகா எண்ணில் அடுக்கினாலும் கிடைப்பது ஒரு தடித்த பேட்தான்.

ரீப்பரில்: ஸ்நாப்பை (கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் வசதி) அணையுங்கள். டைம் செலக்‌ஷனைச் சரியாக 17 வினாடிக்கு வைத்து, அந்த மௌனமும் சேரும்படி க்ளூ செய்யுங்கள் (ஒரே துண்டாக ஒட்டுவது). ஐட்டம் பிராப்பர்ட்டீஸில் ‘லூப் சோர்ஸ்’ டிக் ஆகியிருக்க வேண்டும், டைம்பேஸ் ‘டைம்’ என்று இருக்க வேண்டும். பீட்ஸ் என்று விட்டுவிட்டால், பிறகு டெம்போவைத் தொட்ட நிமிடம் எல்லா நீளமும் மாறிப்போகும். அப்புறம் வலது ஓரத்தைப் பிடித்து 20 நிமிடம் வரை இழுத்துவிடுங்கள்.

ஏபிள்டன் லைவில் செய்பவர்களுக்கு: அங்கே வார்ப் (டெம்போவுக்கு ஏற்ப ஒலியை நீட்டும் வசதி) இல்லாமல் ஆடியோ கிளிப் லூப் ஆகாது. புராஜெக்ட் டெம்போவை 60-ல் வையுங்கள், ஒரு பீட் ஒரு வினாடி ஆகிவிடும், லூப் நீளத்தை 17 பீட் என்று கொடுக்கலாம். கிளிப்பின் டெம்போவையும் கையால் 60 என்று அடியுங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் தானாக ஒன்றை யூகித்து வேகத்தைக் கெடுக்கும். மோட் ‘ரீ-பிட்ச்’. ‘காம்ப்ளெக்ஸ் ப்ரோ’ நீட்டாத ஒலியின் மேலேயும் தன் சாயத்தைப் பூசும்.

லூப் சேரும் இடத்தில் ‘டக்’ என்று கேட்டால் ஈக்வல் பவர் க்ராஸ்ஃபேட் (ஒன்று தணிய மற்றது எழும் இணைப்பு) அரை வினாடி போடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன தொகுப்புகள் எதுவும் லூப்பை மட்டும் நம்பி நிற்கவில்லை. ‘பிராமிசஸ்’ முழுவதும் அந்த ஏழு சுரத் துணுக்கு வந்துகொண்டே இருக்கிறது, கிட்டத்தட்ட 46 நிமிடம். சலிக்காததற்குக் காரணம், அது மட்டும்தான் அசையாமல் இருக்கிறது. சாக்ஸஃபோன் வருகிறது, விலகுகிறது, நாலாவது பகுதியில் சாண்டர்ஸ் கருவியைக் கீழே வைத்துவிட்டு வார்த்தையில்லாமல் வாயால் முனகுகிறார், ஆறாவது பகுதியில் ஆர்கெஸ்ட்ராவின் தந்திகள் மேலெழுந்து எல்லாவற்றையும் மூடுகின்றன. ‘எண்ட்லெஸ்னெஸ்’ஸிலும் அப்படித்தான்: பத்து துண்டிலும் ஆர்ப்பெஜியோ ஓட்டம் சரடாக ஓடுகிறது, அதன் மேல் டிரம்ஸ், சாக்ஸ், ஹார்ப், தந்திகள் ஆள் மாற்றி வருகின்றன. உங்களிடம் அசையாத பொருள் ஏற்கெனவே இருக்கிறது, தம்புரா. அதற்கு மேல் இன்னும் மூன்று அசையாத பொருள் எதற்கு? லூப் ஒன்று போதும். குழலையும் குரலையும் லூப் ஆக்காமல் ஓடவிடுங்கள்.

---

சுவரொலி:

டேப்தலை சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ஈக்வல் பவர் க்ராஸ்ஃபேட் இரண்டு பக்கமும் வெவ்வேறு ஒலி இருக்கும்போதுதான் பொருந்தும். ஒரே ட்ரோனின் ஒரே மாதிரி அலை இரண்டு பக்கமும் இருந்தால், நடுவில் 3 டெசிபல் வரை புடைக்கும். தம்புராவுக்கும் பேடுக்கும் ஈக்வல் கெயின் போட்டுப் பாருங்கள். எது சரி என்று காதால் முடிவு செய்யுங்கள், புடைப்பா பள்ளமா என்பது உடனே தெரியும்.

இப்போது ரிவெர்ப். 12 வினாடி என்றால் ஒலி 60 டெசிபல் இறங்க 12 வினாடி ஆகும் என்று பொருள். டெசிபலில் பார்த்தால் சீராக இறங்கும், வினாடிக்கு 5. பேடில் கார்டு 4 வினாடிக்கு ஒரு முறை மாறினால், பழைய கார்டு 20 டெசிபல்தான் தணிந்திருக்கும். அதற்கு முந்தையது 40. ஆக எப்போதும் மூன்று கார்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்கிறது. குழம்பாமல் என்ன செய்யும்? ஒன்று, கார்டு மாற்றத்தை 8 வினாடிக்கு மேல் தள்ளுங்கள். அல்லது அடுத்த கார்டில் குறைந்தது இரண்டு சுரம் பழையதாகவே இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால் மாற்றத்துக்கு 3 வினாடி முன்பே பேடிலிருந்து ரிவெர்ப்புக்குப் போகும் அளவை ஆட்டோமேஷனில் இறக்குங்கள். மெதுவாக நகரும் இசையில் நீளமான ரிவெர்ப் அழகாக நிற்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, கார்டுகள் ரிவெர்ப்புக்கு வழி விடுகின்றன, அவ்வளவுதான்.

ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியாகப் போட்டதை எல்லாம் எடுத்துவிடுங்கள். இரண்டே இரண்டு பஸ் (பல டிராக்குகள் பகிரும் பொதுத் தடம்) போதும். ஒன்று குட்டி: 1.5 வினாடி, குரலுக்கும் குழலுக்கும் ஒரே அறையில் இருக்கும் உணர்வைத் தர. இன்னொன்று பெரிது: 8 வினாடி, ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குமுன் தாமதம்) 60 மில்லி செகண்ட். பெரியதின் முன்னால் ஒரு ஈக்யூ வைத்து 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் மெல்லச் சரியவிடுங்கள். குழம்பு தங்கும் இடம் 200-லிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை. 1 கட்டை ஆண் குரலின் மத்திய ஸ்தாயியின் மேல்பாதி, தம்புராவின் உடம்பு, பேடின் அடி எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. அந்த வரம்பில் பேடை 3 டெசிபல் இறக்கினால் குரலை ஏற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.

தம்புராவை ரிவெர்ப்புக்கு அனுப்பவே வேண்டாம். அதுவே தொடர்ந்து ஒலிப்பது, வால் வந்து நிரப்ப அதில் இடைவெளி இல்லை. ஜீவாளி தரும் ரீங்கார மினுமினுப்பு மழுங்குவதுதான் மிச்சம்.

பெரிய ரிவெர்ப்பின் ரிட்டர்னில் ஒரு கம்ப்ரஸர், சைட்செயினில் குரல். அட்டாக் 30 மில்லி செகண்ட், ரிலீஸ் 600, 2–3 டெசிபல் குறைந்தால் போதும். குரல் ஒலிக்கும்போது வால் ஒதுங்கி, குரல் நின்றதும் மலரும். ரிலீஸை 100-க்கு இறக்கினால் மூச்சு வாங்குவது போல் பம்ப் ஆகும், கவனம்.

குழலை எப்படி அடுக்குவது என்பதற்கு மேரி லாட்டிமோரின் ‘குட்பை, ஹோட்டல் அர்காடா’வை (2023) கேளுங்கள். 47 தந்தி ஹார்ப், லைன் 6 டிஎல்4 என்ற டிலே-லூப் பெடல், இந்த இரண்டும்தான் அவருடைய அடிப்படை. பழைய டிஎல்4-ல் லூப்புக்கு 14 வினாடிதான் இடம். பாதி வேக ஸ்விட்ச்சைத் தட்டினால் அதே லூப் ஒரு ஸ்தாயி கீழே போய் 28 வினாடி ஆகும். இதை மென்பொருளில் செய்ய ப்ளேரேட் 0.5, ‘பிரிசர்வ் பிட்ச்’ டிக்கை எடுத்துவிட வேண்டும். குழலில் இதைச் செய்தால் ஊதும் காற்றின் சீறலும் ஒரு ஸ்தாயி இறங்கி, பெரிய மரக்குழல் மாதிரி ஒன்று கிடைக்கும். சுருதி மாறாமல் நீட்டினால் இந்தக் குணம் வராது. பால்ஸ்ட்ரெட்ச் என்ற நீட்டும் மென்பொருள் வேறு வகை: எட்டு மடங்கு நீட்டலாம், ஆனால் ஃபேஸைக் கலைத்துப் போடுவதால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கரைந்துவிடும். தாளமோ பேச்சோ இருக்கும் ஒலியை அதில் போட வேண்டாம்.

---

அந்தரகாந்தாரம்:

மூன்றாவது கேள்வி என் பெயருக்கே வந்த கேள்வி போல இருக்கிறது, விடுவேனா.

பாடியவர் சரி, பேடும் அதன் கணக்குப்படி சரி, இரண்டின் கணக்கும்தான் வேறு. தம்புராவின் ஷட்ஜத்தைக் கூர்ந்து கேட்டால் ஐந்தாம் ஹார்மானிக்கில் (அடிப்படை அதிர்வின் ஐந்து மடங்கு) அந்தர காந்தாரம் தானாகவே ஒலிக்கும். குரல் போய் அமர்வது அதில்தான்: 5/4 விகிதம், ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்). சின்த் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்தது, அதன் காந்தாரம் 400 சென்ட். 14 சென்ட் வித்தியாசம்.

1 கட்டை என்றால் ஷட்ஜம் 130.81 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் ஹார்மானிக் 654.06. சின்த்தின் காந்தாரம் 164.81, அதன் நாலாம் ஹார்மானிக் 659.26. இரண்டும் உரசும்போது வினாடிக்கு ஐந்து துடிப்பு. நீங்கள் கேட்கும் நடுக்கம் இதேதான். பஞ்சமத்தில் இது ஏன் உறுத்தவில்லை? அங்கே வித்தியாசம் 2 சென்ட்தான், இரண்டு வினாடிக்குச் சற்று மேல் ஒரு மெல்லிய அலை. அது கேட்க நன்றாகவே இருக்கும், விட்டுவிடலாம்.

சரிசெய்ய எளிய வழி, பேடிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடுவது. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும், வேண்டுமானால் மேலே ரிஷபம். காந்தாரம் பாடுபவருக்கு உரியது. கார்டில் காந்தாரம் இருந்தே ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு சுரத்தைத் தனி டிராக்காகப் பிரித்து 14 சென்ட் இறக்குங்கள். சின்த்தில் ஸ்காலா கோப்பு (ட்யூனிங் பட்டியல்) ஏற்றும் வசதி இருந்தால் முழு ஸ்கேலையும் மாற்றலாம், ஆனால் கார்டு நகர்ந்து வேறு சுரம் அடிப்படையானால் அங்கே புதுக் கோணல் முளைக்கும். ஒரே ஆதார ஷட்ஜத்தில் நிற்கும் துண்டுக்கு மட்டும் அந்த வழி.

பேடில் கோரஸ் எஃபெக்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் இயல்பே சுருதியை மேலும் கீழும் ஆட்டுவது, என்ன ட்யூன் செய்தாலும் அதில் கரைந்துவிடும். மின்தம்புராவின் ஃபைன் ட்யூனிங் பூஜ்யத்தில் இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். குரலில் பிட்ச் கரெக்‌ஷன் கூடவே கூடாது, கமகத்தைப் படிக்கட்டாக வெட்டிவிடும்.

கேட்க இரண்டு. காலி மலோனின் ‘ஆல் லைஃப் லாங்’ (2024): மீன்டோன் முறையில் ட்யூன் செய்த பழைய பைப் ஆர்கன்கள், கூடவே குரல் குழுவும் பித்தளைக் கருவிகளும். மீன்டோன் என்பது காந்தாரத்தைச் சுத்தமாக்கப் பஞ்சமத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு. மேஜர் கார்டு எவ்வளவு அசையாமல் நிற்க முடியும் என்பது அதில் தெரியும். அடுத்து, கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ (2024). தமிழ்நாட்டில் வளர்ந்த குரல், ஆலிஸ் கோல்ட்ரேன் வழி வந்த பக்தி ஜாஸ், முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள். இசைவகைகளைக் கலக்கிறேன் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கைக்குக் கிடைத்ததை எல்லாம் கொட்டுபவர்கள் அதை ஒரு முறை கேட்க வேண்டும். இத்தனை பேர் இருந்தும் குரலுக்குரிய இடத்தில் எவரும் வந்து உட்காரவில்லை.

---

நீள்சுருதி:

பேடில் கோரஸ் இருக்கிறது, எடுத்துவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி. நாலாவது கேள்வி இன்னும் மிச்சம். ஸ்ட்ரீமிங்குக்கு −14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காது உணரும் சராசரிச் சத்த அளவு) லிமிட்டர் வைத்து ஏற்றிவிடு என்கிறார்கள். இப்போது அளந்தால் −20 காட்டுகிறது, பீக் −3.

---

கடைசிஃபேடர்:

ஏற்ற வேண்டாம்.

ஸ்பாட்டிஃபை இயல்பாக −14-க்குச் சமன் செய்கிறது, ஆப்பிள் மியூசிக் −16-க்கு. அதிகச் சத்தமான பாட்டைக் கட்டாயம் இறக்குவார்கள். மெல்லியதை ஏற்றும்போது ஸ்பாட்டிஃபை ட்ரூ பீக் (உச்ச அளவு) −1 வரைதான் போகும். உங்கள் கணக்கில் 2 டெசிபல் ஏறி −18-ல் நிற்கும். ஆம்பியன்ட்டுக்கு அது தாராளம். லிமிட்டரில் 6 டெசிபல் தள்ளினால் கூடவே குழலின் காற்று, அறையின் இரைச்சல், தம்புரா பெட்டியின் ‘ஹிஸ்’ எல்லாமே 6 டெசிபல் ஏறும். மௌனத்தை நம்பி நிற்கும் இசையில் அதுதான் முதலில் கேட்கும். இன்னொன்று, ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவில் கெயின் போடுகிறது, ஆகவே நாலு டிராக்குக்கும் இடையே உள்ள மேடு பள்ளம் கெடாது. தனித்தனியாக ஒவ்வொன்றையும் −14-க்குக் கொண்டுவந்தால் நீங்களே அதைக் கெடுத்துவிடுவீர்கள்.

இடைவெளி விழுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம்.

ரீப்பரில் ரீஜன் ரீஜனாக (குறித்த பகுதி பகுதியாக) ரெண்டர் செய்கிறீர்களா? அப்படியானால் இரண்டாம் டிராக் தொடங்கும்போது ரிவெர்ப் வெறுமையிலிருந்து தொடங்கும், முதல் டிராக்கின் வால் அங்கே வந்து சேராது. முதலில் 20 நிமிடத்தையும் ஒரே வேவ் கோப்பாக ரெண்டர் செய்து, பிறகு அதை வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் தானாக விழும் குட்டி ஃபேடை அணைக்க மறக்காதீர்கள். ரெண்டர் ஜன்னலில் ‘டெயில்’ டிக் இருந்தால் ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் கூடுதல் மௌனம் ஒட்டிக்கொள்ளும், அதையும் எடுங்கள்.

எம்பி3 இரண்டாவது காரணம். அதில் ஒரு ஃப்ரேம் 1152 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் 26 மில்லி செகண்ட். கடைசி ஃப்ரேம் நிரம்பாவிட்டால் மௌனத்தால் நிரப்பும், தொடக்கத்திலும் என்கோடர் கொஞ்சம் சேர்க்கும். அந்தக் குறிப்பைப் படித்து வெட்டிக்கொள்ளும் ப்ளேயர்கள் உண்டு, படிக்காதவையும் உண்டு. ஃபிளாக், வேவ் இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. பதிவேற்ற எப்போதும் 24 பிட் வேவ் கொடுங்கள்.

சிடி போடுவதாக இருந்தால் வெட்டு 1/75 வினாடி எல்லையில், அதாவது 588 சாம்பிளின் மடங்கில் விழ வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயும் மௌனம் நிரப்பும், ‘டிக்’ என்று கேட்கும். 16 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் (மிக மெல்லிய இரைச்சலைச் சேர்ப்பது) ஒரு முறை, கடைசிப் படியில் மட்டும். டிதர் இல்லாமல் விட்டால் 40 வினாடி ஃபேட்-அவுட்டின் வால் மணல் மணலாக உதிரும். ‘நியூ ப்ளூ சன்’ அளவுக்கு, அதாவது 87 நிமிடம், நீட்டிக்கொண்டு போனால் ஒரு சிடியில் அடங்காது என்பதும் நினைவிருக்கட்டும். அதன் முதல் துண்டே 12 நிமிடம் 20 வினாடி. பில்போர்டு ஹாட் 100-க்குள் நுழைந்ததிலேயே மிக நீளமானது என்று பெயர் வாங்கியது. அதனால் நீளத்தைப் பார்த்துப் பயந்து துண்டு போட வேண்டியதில்லை.

எங்கே வெட்டுவது என்றால் 5-5 நிமிடமாக வேண்டாம். புதிய கருவி நுழைவதற்கு ஒரு மூச்சு முன்னால் வெட்டுங்கள். யாராவது மூன்றாம் டிராக்கை மட்டும் தனியாகத் திறந்தால், அது ஏதோ நடுவில் பிய்த்தது போல் இல்லாமல் ஒரு தொடக்கமாகக் கேட்கும்.

---

டேப்தலை:

கடைசிஃபேடர் சொன்னதோடு ஒன்று. கீழ் ஸ்தாயி பேடை 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோ ஆக்கிவிட்டு, மொத்தத்தையும் ஒரு முறை மோனோவில் கேளுங்கள். அகலமாக்கும் ப்ளக்-இன் போட்ட பேட் மோனோவில் பாதி காணாமல் போகும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்குத் தம்புராவும் குரலும் குழலும்தான் முக்கியமாக மிஞ்சும். அந்த மூன்று மட்டுமே ஒலித்தாலும் துண்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பேடுக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்யுங்கள்.